கிழங்குக்கு மேலே ஒரு ரிஜெக்ட்

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அகலம், தூக்கினால் கை கொஞ்சம் தாழும் அளவுக்குக் கனம், ஓரத்தில் கடலைப்பருப்பு போகிற மாதிரி ஒரு குழி. போன மாதம் வரை சிவப்பாக இருந்தது. இப்போது பச்சை. பருத்திப்பட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் பால்கனியில் நின்று ஏரியைப் பார்ப்பார்கள், காற்று நன்றாக வருகிறது என்பார்கள், பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே வந்து இதைப் பார்த்து, "இது என்ன, சாமியா?" என்று கேட்பார்கள். என் கணவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஆமா, கும்பிட்டுக்குங்க" என்பார். இரண்டொருவர் கும்பிட்டும் இருக்கிறார்கள். அது சாமி இல்லை. மசித்த உருளைக்கிழங்கு இருக்கும் பாத்திரத்தின் மூடி மேல் வைக்கிற பாரம். அதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் பழைய கம்பெனியின் கேன்டீன் மாஸ்டர்.

பாடியில்தான் எனக்கு முதல் வேலை. பம்புகளுக்கு வேண்டிய இரும்பு வார்ப்புகளைக் கடைந்து அனுப்புகிற கம்பெனி. நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். நல்ல உருப்படிக்குப் பச்சைப் பெயிண்ட், கெட்டதற்குச் சிவப்பு, நாள் முழுக்க இதே வேலை. ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு பெண், ஆண்கள் நிறைந்த ஷெட்டில் நின்றுகொண்டு அவர்கள் கடைந்ததையெல்லாம் அளந்து பார்த்துச் சிவப்பு அடித்தால் யாருக்குப் பிடிக்கும்? 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர் வைத்தார்கள், நான் ஏதோ லத்தியோடு வருகிறவள் மாதிரி. எனக்கு அது உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. கெட்டதை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெண் பார்க்க வந்தவரிடமே அவர் சட்டையைப் பற்றி அபிப்பிராயம் சொன்னவள் நான். அவரையேதான் கட்டிக்கொண்டேன், சட்டை மட்டும் மாறியது. கேன்டீன் கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றார்கள். கம்பெனியில் இருந்த ஒரே பெண் நான் என்பதால் தேர்தல் இல்லாமலே ஜெயித்தேன்.

மாஸ்டர் பாடியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒல்லி உடம்பு, தோளில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. சாம்பாரைப் பற்றிக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வார், சாதம் குழைந்தது என்றால் அரிசிக் கடைக்காரனைத் திட்டுவார். ஆனால் திங்கட்கிழமை காலைப் பூரிக்குத் தொட்டுக்கொள்ள அவர் வைக்கும் கிழங்கைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "பூரி இன்னா பூரி, எவன் வேணா சுடுவான். கெயங்குலதாம்மா மாஸ்டரு கையி தெரியும்" என்பார். திருமுல்லைவாயலில் ஒரு கல்யாணத்தில் அவர் வைத்த கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இந்தக் கதை சொல்லச் சொல்ல வளர்ந்துகொண்டே போனது. கடைசியாக நான் கேட்டபோது பெண் வீட்டாருக்கே ஒரு வண்டி கிடைத்திருந்தது.

இப்படிப்பட்டவருக்குக் கிழங்கு மிஞ்சினால் எப்படி இருக்கும்? ஊர் உலகத்தில் எல்லா கேன்டீனிலும் ஏதாவது மிஞ்சத்தான் செய்யும். மாஸ்டருக்கு மட்டும் அது மானப் பிரச்சினை. மிஞ்சிய கிழங்கை ஒரு குண்டானில் போட்டு, மூடி, அடுப்படி மூலையில் ஒளித்து வைப்பார். போகிற வருகிறவர்கள் மூடியைத் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார். "எம்மா, வெய்ட்டா எதுனா குடு. ஒருத்தனும் தொறக்கக் கூடாது." அன்று காலை நான் சிவப்பு அடித்துத் தள்ளிய வார்ப்பு ஒன்று பக்கத்தில் கிடந்தது. வார்க்கும்போது காற்று புகுந்து ஓரத்தில் குழி விழுந்த உருப்படி. எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிஜெக்ட்டா?" என்றார். ஆமாம் என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்துப் போனார்.

சாயங்காலம் அந்தக் கிழங்கு வேறு வேஷத்தில் வெளியே வரும். ஆறி இறுகிய கிழங்கில் அரிசி மாவு, ஒரு பிடி ரவை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் போட்டுப் பிசைவார். ஈரக் கையால் இலைத் துண்டில் தட்டிப் பெரிய தோசைக்கல்லில் போட்டு, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையிலும் எண்ணெய் விடுவார். ஓரம் மொறுமொறுவென்று சிவந்திருக்கும், உள்ளே மெத்தென்று ஆவி பறக்கும். எங்கேயோ ஒரு கடுகு பல்லில் மாட்டும். காலைக் கிழங்கின் கடுகுதான் அது. மெஷின் எண்ணெய் வாசத்திலிருந்து எழுந்து போய் அதைக் கையில் வாங்குகிற நேரத்துக்காகவே நான் திங்கட்கிழமையை மன்னித்திருக்கிறேன். நாங்கள் அதைத் திங்கக்கிழமை அடை என்போம். மாஸ்டர் அதற்குப் பெயரே வைக்கவில்லை. கரும்பலகையில் 'டிபன்' என்று மட்டும் எழுதுவார். யாராவது பாராட்டினால், "துன்ட்டு போய்கினே இரு" என்று விரட்டுவார். தோற்றதை மறைக்க அவர் போட்ட துணியை எடுத்து நாங்கள் பட்டு என்று கொண்டாடினால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

காலையில் கிழங்கு மிஞ்சினால்தான் மாலையில் அடை என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, எப்படியோ நடந்தது. திங்கட்கிழமை காலையில் வரிசையில் நிற்கிறவர்கள், "அண்ணாத்தே, கெயங்கு கம்மியா உடு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் சட்னி போதும் என்றார்கள். அப்புறம் சர்க்கரை. பூரிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடும் பழக்கம் ஒரு தொற்று வியாதியாகப் பரவியது. சுகர் மாத்திரை போடுகிற ஃபோர்மேன் கூட, மாத்திரையை விழுங்கிவிட்டுச் சர்க்கரை தொட்டுக்கொண்டார். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். மூடியின் மேல் அந்தச் சிவப்பு இரும்பு உட்கார்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போவேன்.

மாஸ்டர் என்ன நினைத்தார்? தன் கிழங்கு ருசி குறைந்துவிட்டது என்று நினைத்தார். இஞ்சி கூட்டினார். அடுத்த வாரம் பச்சைப் பட்டாணி சேர்த்தார். அதற்கடுத்த வாரம், மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கிய முந்திரியை நெய்யில் வறுத்துப் போட்டார். விளைவு, முந்திரி போட்ட அடை. அன்றைக்கு அடை வாங்க ஆபீஸிலிருந்தெல்லாம் வந்து நின்றார்கள். மறு திங்கள் காலையில் கிழங்கை ஒருவர்கூடத் தொடவில்லை. மாஸ்டர் கரண்டியோடு குண்டானுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முந்திரியையும் வேண்டாம் என்கிறவனை என்னதான் செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. பாவம், இளைத்துப் போனார்.

அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் துண்டை மடித்து மேஜை மேல் வைத்தார். "நா நின்னுக்கறேன் சார். பூந்தமல்லில மச்சான் டீக்கடை வெச்சிகினு கீறான். அங்க போய் டீ ஆத்தறேன். டீய எவனும் பிலேட்டுல உட்டுட்டுப் போ மாட்டான்" என்றார். ஏன் என்று கேட்டதற்குத் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். "கையி பூட்ச்சி சார்." கைமணம் போய்விட்டதாம்.  அவரிடம் உண்மையைச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கமிட்டி அவரை அந்த மாதக் கடைசி வரை இருக்கச் சொல்லிவிட்டு ரகசியமாக ஒரு முடிவெடுத்தது. வருகிற திங்கட்கிழமை கிழங்கில் ஒரு கரண்டிகூட மிஞ்சக் கூடாது. அப்படியே நடந்தது. வெல்டர்கள் மூன்று முறை வாங்கினார்கள். மாஸ்டர் முகத்தில் ரத்தம் ஊறியது. கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "இன்னாபா, பத்துமா?" என்று தட்டுத் தட்டாகக் கேட்டுப் போட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது, சாயங்காலம் மணி அடிக்கும் வரைக்கும். டீயோடு ஆளுக்கு ஒரு பன் வந்தது. சிவப்பு இரும்பு தொட்டி ஓரத்தில் அனாதையாகக் கிடந்தது. "மாமே, அடுத்த வாரமும் துன்னணுமா?" என்று ஒருவன் அழாத குறையாகக் கேட்டான். கமிட்டியில் ஒருவர் புத்திசாலித்தனமாக, புதுக் கிழங்கை வேக வைத்தே அடை போடலாமே என்று மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தார். வேண்டா வெறுப்பாகப் போட்டார். சூட்டோடு மசித்த கிழங்கு மாவையெல்லாம் குடித்துப் பசையாகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. ஆறிக் கிடந்து இறுகினால்தான் அது அடைக்கு ஆகும். "பாத்தியா, கையி பூட்ச்சி" என்று மறுபடி ஆரம்பித்தார். மாதக் கடைசியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல உருப்படி ஒன்று தன்னைத் தானே ரிஜெக்ட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவள் எப்படிச் சும்மா இருப்பாள்? அடுத்த திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் அடுப்படிக்குப் போய், சர்க்கரை, சட்னி, முந்திரி என்று நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். "உங்க கையில ஒண்ணும் இல்ல மாஸ்டர். அடை வேணும்னுதான் எல்லாரும் கிழங்க மிச்சம் வைக்கிறாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "அத்த உடு. கெயங்கு எப்டி இருந்துச்சி? நீ பொய் சொல்ல மாட்ட, சொல்லு."

 எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ மாதமாகச் சர்க்கரை தொட்டுத்தான் சாப்பிட்டிருந்தேன். எல்லோரும் பாடுபட்டுத் தின்று தீர்த்த அந்த ஒரு திங்களிலும், கூட்டத்தைச் சமாளிக்கிற மும்முரத்தில் ருசி பார்க்காமலே விழுங்கியிருந்தேன். "ஞாபகம் இல்ல மாஸ்டர்" என்றேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தட்டில் கிழங்கை மட்டும் வைத்து, எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பிட்டேன். வெங்காயத்தின் இனிப்பு, இஞ்சியின் காரம், வாயில் வைத்தால் கரைகிற கிழங்கு. அநியாயத்துக்கு நன்றாக இருந்தது. இதை விட்டுவிட்டுச் சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தோமே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதையும் சொன்னேன். "ஓகேவா?" என்றார். "ஓகே மாஸ்டர்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் வைத்துக்கொண்டேன்.

பூந்தமல்லிக்கு அவர் போகவில்லை. அன்றைக்கே, பரிமாறத் தொடங்குமுன் கிழங்கில் பாதியை அள்ளிக் குண்டானில் போட்டு, மூடி, மேலே இரும்பை வைத்தார். பரிமாறுகிறவர், "இன்னா மாஸ்டர், காலைலயே மிச்சமா?" என்று கேட்டார். "மிச்சம் இல்லடா. எடுத்து வெச்சது" என்றார் மாஸ்டர். அன்று சாயங்காலம் கரும்பலகையில் முதல்முறையாக 'அடை' என்று எழுதியிருந்தது. சர்க்கரை டப்பாவையும் கேன்டீனிலிருந்து ஒழித்துவிட்டார்.

மறுநாள் இரும்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "எம்மா, இதுக்குப் பச்சை அடிச்சிக் குடு. எடுத்து வெச்சதுக்கு மேல எதுக்கு ரிஜெக்ட்டு?" குழியைத் தொட்டுக் காட்டி, ஓட்டை விழுந்த உருப்படிக்குப் பச்சை அடிக்க முடியாது என்றேன். கெஞ்சினார், மிரட்டினார், ஒரு அடை கூடுதலாகத் தருவதாக லஞ்சம் பேசினார். நான் மசியவில்லை. நான் அங்கே இருந்த வரை, மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்த இரும்போடு வந்து நின்று, "இன்னிக்குப் பாஸ் பண்றியா?" என்பார். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் எனக்கு வேறு வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று வியாழக்கிழமை. வரலாற்றில் முதல்முறையாக வியாழக்கிழமை அடை போட்டார். பொட்டலத்தோடு இரும்பையும் கட்டிக் கையில் கொடுத்தார். "நீ அடிச்ச செவப்பு. நீயே வெச்சிக்கோ." வாசலில் செக்யூரிட்டி என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடை இவ்வளவு கனமா என்று கேட்டார்.

போன மாதம் பால்கனி கம்பிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தோம். டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. கொட்ட மனசு வரவில்லை. கண்ணில் பட்டது இந்த இரும்பு. அடித்துக் காய வைத்து, போட்டோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன். இப்போது ஐயப்பன்தாங்கலில் மகன் வீட்டில் இருக்கிறார். உடனே போன் வந்தது.

"இன்னா இன்ஸ்பெக்டரம்மா, ஓட்டைய அடச்சிட்டியா?"

"ஓட்டை அப்படியேதான் இருக்கு மாஸ்டர்."

"அப்புறம் எப்டி பச்சை?"

"இது கம்பெனி இல்ல, எங்க வீடு. இங்க எனக்கு வேணுங்கறத நான் பாஸ் பண்ணுவேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "அதுக்குக் கீய இப்ப இன்னா கீது?" என்று கேட்டார்.

"கிழங்கு. காலைலயே எடுத்து வச்சேன். சாயங்காலம் அடை போடணும்."

"கெயங்கு எப்டி கீது?"

இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை. அன்று காலையும் மொத்தத்தையும் அடைக்கென்று மூடி வைத்துவிட்டு, பூரிக்குச் சட்னி தொட்டுக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பச்சை இரும்பைத் தூக்கி ஓரமாக வைத்தேன், மூடியைத் திறந்தேன், ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். 

"உப்பு ஒரு கல்லு கம்மி மாஸ்டர்" என்றேன்.

"அத்த மொதல்ல பாரு" என்றார் மாஸ்டர். "அடை எங்க போயிடப் போவுது?"