எதிர்வீட்டுக்கு வந்த பேய்

நியூஜெர்சியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிற வீடுகள் இரண்டுதான். ஒன்று எங்களுடையது. மற்றது எதிரே இருந்த ஜப்பான் ஆன்ட்டியுடையது. அந்த ஒரு காரணமே போதும் என்று அம்மா ஆன்ட்டியோடு சிநேகமாகிவிட்டாள். அம்மா பேசியது நாகர்கோவில் ஆங்கிலம், ஆன்ட்டி பேசியது ஒசாக்கா ஆங்கிலம். ஒருவர் சொன்னதில் பாதிதான் மற்றவருக்குப் புரிந்திருக்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் ஒரு சண்டையும் இல்லாமல் ஓட்டினார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு மதிய ஷிப்ட் விழுகிற நாட்களில், பள்ளிப் பேருந்து என்னை இறக்கிவிட்டதும் நான் நேரே ஆன்ட்டி வீட்டுக்குப் போய்விடுவேன். எனக்கு அப்போது எட்டு வயது. ஆன்ட்டியின் பையன் கென்னுக்கு ஐந்து. குளிர்காலம் வந்தால் அவர்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு குட்டை மேஜை வந்துவிடும். மேஜைக்கு அடியில் ஒரு சிறிய ஹீட்டர், மேலே நாலு பக்கமும் தரைவரை தொங்கும் கனத்த மெத்தைப் போர்வை. அதற்குப் பெயர் கொத்தாட்சு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நானும் கென்னும் இடுப்புவரை போர்வைக்குள் நுழைந்துகொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்போம். அதற்குள் கால் வைத்துவிட்டால் எழுந்திருக்க மனமே வராது. வீட்டுப்பாடத்தை நான் ஒருநாளும் அங்கே முடித்ததில்லை.

அந்த வருஷம் அக்டோபரில் கென்னின் அப்பாவை அவருடைய கம்பெனி ஜப்பானுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. கென்னுக்குக் கின்டர்கார்டன் முடியட்டும் என்று ஆன்ட்டி ஜூன்வரை இங்கேயே இருப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை தோறும் போன் வரும். கென் போனைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளியில் கொடி வணக்கத்துக்கு நிற்பதுபோல விறைப்பாக நிற்பான். நாலு வார்த்தை பேசிவிட்டு ஆன்ட்டியிடம் கொடுத்துவிடுவான்.

ஜப்பானியப் பிள்ளைகள் அப்பாவைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடும். இது என் அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எனக்குப் பெயரே பாப்பா. ஷிப்ட் முடிந்து வந்து அம்மா கதவருகே நின்று, “பாப்பா, வீட்டுக்கு வா” என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு முன்னால் கென் எழுந்து கதவுக்கு ஓடுவான்.

“இந்தப் பயலுக்கு ஒம்மேல எவ்வளவு பிரியம் பாத்தியா” என்று அம்மா உருகிப்போவாள்.

ஜனவரிக் கடைசியில், துணி துவைக்கும் அறையில் வைத்து ஆன்ட்டி அம்மாவிடம் ஓர் உதவி கேட்டாள். பிப்ரவரி மூன்றாம் தேதியோடு குளிர்காலம் முடிகிறது என்பது ஜப்பானியப் பழங்கணக்கு. நியூஜெர்சியில் அந்தத் தேதிக்கு முழங்கால்வரை பனி கிடக்கும். ஆனாலும் கணக்கு கணக்குதான். அன்று வீட்டுக்குள் ஒரு பேய் வரும். பிள்ளைகள் வறுத்த சோயா பீன்ஸை அதன்மேல் வீசி, “ஓனி வா சோதோ, ஃபுகு வா உச்சி” என்று கத்தி விரட்ட வேண்டும். பேயே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா என்று அர்த்தம். முகமூடி போட்டுப் பேயாக வருவது வழக்கமாக அந்த வீட்டு அப்பா. இந்த வருஷம் வீட்டில் அப்பா இல்லை.

அம்மா வந்து அப்பாவிடம் சொன்னபோது நான் சோபாவில் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

“ஞாயித்துக்கெழம சர்ச்சுல பைபிள் வாசிக்கிற மனுசன், பேய் வேசம் போட்டா நல்லாவா இருக்கும்? பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு?” என்றாள் அம்மா.

“பேயத் துரத்தத்தானே கூப்பிடுதாங்க. பாஸ்டரும் அதத்தானே சொல்லுதாரு” என்றார் அப்பா.

அப்பா கூச்ச சுபாவம் உள்ளவர். கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தால்கூடக் கேட்கமாட்டார். அவர் உடனே சரி என்றது அம்மாவுக்கே ஆச்சரியம். நான் கண்ணைத் திறந்ததும், கென்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் கொத்தாட்சுப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கென் என்னிடம் ஒரு ரகசியம் சொன்னான். போன வருஷம் பேய் வந்தபோது அவன் பயந்து அலறினானாம். பிறகு பேயின் காலைப் பார்த்தானாம். அது பாப்பாவின் கால். பேய் வேறு யாருமில்லை, பாப்பாதான். சனிக்கிழமை பேய் வரப்போகிறது. அதை அவன் இரண்டு கையையும் விரித்து, கிசுகிசுப்பான ஆங்கிலத்தில் சொன்னான். அவன் முகம் ஹீட்டர் வெளிச்சத்தில் சிவந்திருந்தது.

ஆக, இரண்டு ரகசியமும் என்னிடம் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புத்திதான் இல்லை. சத்தியம் செய்ததைக் காப்பாற்றுகிற பெருமையில் நான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாள். ஆன்ட்டி எனக்கும் கென்னுக்கும் ஆளுக்கொரு மரப்பெட்டி நிறைய சோயா பீன்ஸ் கொடுத்தாள். அந்தத் தரைத்தள வீட்டின் பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. ஆன்ட்டி கதவை இழுத்துத் திறக்க, பனிக்காற்றோடு பேய் உள்ளே வந்தது. காகிதத் தட்டில் செய்த சிவப்பு முகமூடி, இரண்டு கொம்பு, உடம்பில் அம்மாவின் சிவப்புக் கம்பளிச் சால்வை, கையில் சுருட்டிய செய்தித்தாள். பேய் உறுமியது. எங்கள் சர்ச்சில் ‘இத்துடன் வேதபாடம் முடிகிறது’ என்று சொல்கிற அதே குரல். ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்திருந்தது.

நான் கத்திக்கொண்டே ஒரு பிடி அள்ளி வீசினேன். பேய் ஐயோ என்று துள்ளியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த பிடிக்குக் கை விடும்போது, பக்கத்தில் கென்னின் பெட்டி தரையில் விழுந்து பீன்ஸ் நாலாபக்கமும் சிதறியது.

அவன் ஓடிப்போய்ப் பேயின் காலைக் கட்டிக்கொண்டான். “பாப்பா” என்றான்.

அப்பா அசையாமல் நின்றார். பிறகு செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தார். கென் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சால்வைக்குள் முகத்தைப் புதைத்து ஜப்பானிய மொழியில் பேச ஆரம்பித்தான். போனில் நாலு வார்த்தை பேசுகிறவன் நிறுத்தாமல் பேசினான். அப்பாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. “ம்” என்றார். அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, மறுபடியும் “ம்” என்றார். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றாள்.

முகமூடியைக் கழற்றிவிட அப்பாவுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. அவர் கழற்றவில்லை. என் அப்பா இன்னொரு பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, வேறு யாரோபோல ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போய் முகமூடியைப் பிடித்து இழுத்தேன். எலாஸ்டிக் அறுந்து அப்பாவின் காதில் சுண்டியது.

“தட்ஸ் மை டாடி” என்றேன்.

கென் தலையைத் தூக்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டடி பின்னால் போய், குனிந்து தரையிலிருந்து ஒரு சோயாவைப் பொறுக்கி அப்பாமேல் எறிந்தான். “ஓனி வா சோதோ” என்றான். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். இன்னொன்றைப் பொறுக்கி எறிந்தான். ஒவ்வொன்றாக. அப்பா எழுந்து, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, வாசல்படி தாண்டி வெறும் சாக்ஸோடு பனியில் போய் நின்றார். கென் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினான்.

ஆன்ட்டி பதறிக் கதவருகே போனாள். வெளியிலிருந்து அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பக்கத்திலேயே கிடந்த ஷூவைக்கூட அவர் மாட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் கென்னின் மூச்சு படிந்து வெள்ளை வட்டமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆன்ட்டி அவன் பின்னால் மண்டியிட்டு, காதருகே மிச்ச வரியைச் சொன்னாள். “ஃபுகு வா உச்சி.”

கொஞ்சம் கழித்து கென் கதவைத் திறந்தான்.

அப்பாவைக் கொத்தாட்சுவில் உட்காரவைத்தார்கள். கென் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவருடைய நனைந்த கால்மேல் போர்வையை இழுத்துவிட்டான். அன்று அவரவர் வயதின் எண்ணிக்கைக்கு சோயா தின்ன வேண்டுமாம். கென் ஐந்தை எண்ணி வாயில் போட்டுக்கொண்டான். அப்பாவின் உள்ளங்கையில் ஆன்ட்டி எண்ணி வைத்த முப்பத்தாறையும் அவர் ஒவ்வொன்றாக மென்று முடித்தார்.

எங்கள் கதவுக்கும் அவர்கள் கதவுக்கும் இருபது தப்படிதான். வீட்டுக்குத் திரும்பும்போது நடுவில் அப்பா நின்றார்.

“நீ ஒண்ணும் பொய் சொல்லல. நான் ஒங்க அப்பாதானே” என்றார். பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டே, “செத்த நேரம் கழிச்சிச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

அது திட்டா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜூனில் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். விமான நிலையத்துக்கு அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார்.

வெகுகாலம் கழித்து, எனக்குப் பிள்ளை பிறந்திருந்த சமயத்தில், அம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஒரு வயதாகும்போது அப்பா படிக்க அமெரிக்கா போயிருக்கிறார். திரும்பி வந்தபோது எனக்கு மூன்றரை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவர் கையை நீட்ட, நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். “இது எங்க அப்பா இல்ல. எங்க அப்பா போனுக்குள்ள இருக்காவ” என்றேனாம். வீட்டுக்கு வந்த பிறகும், “இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாவ?” என்று கேட்டுச் சாப்பிடாமல் அடம். அப்பா தினமும் சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கொண்டு, “மாமா போய்ட்டு வாரேன்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வெளியே போவாராம். நான் சாப்பிட்டுத் தூங்கும்வரை வெளிவாசலில் உட்கார்ந்திருப்பாராம். ஒன்பதாம் நாள் நானே கதவைத் தள்ளிக்கொண்டு போய், “மாமா, சாப்பிட்டியளா?” என்று கேட்டேனாம்.

அம்மா இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உள்ளே வராமல் நின்றது சோயா அடிக்குப் பயந்துதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.