மேயர் சொன்ன ஒரு வரி

இன்று காலை மகளின் வகுப்பு டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் அவள் சடை. அதனால் நான் வாயால் சொல்லச் சொல்லச் செல்போனே எழுதிக்கொண்டது. இருமல் கொஞ்சம் இருக்கிறது, வெந்நீர் கொடுத்துவிட்டிருக்கிறேன், குடிக்கச் சொல்லுங்கள் மிஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பால் டம்ளரைச் சீருடையில் கவிழ்த்துவிட்டாள். அப்புறம் பார்த்தால், "குடிக்கச் சொல்லுங்கள் மிஸ்" என்பதற்குப் பக்கத்திலேயே "சனியனே உன்னைப் பெத்ததுக்கு" என்று எழுதியிருக்கிறது. அவசரமாக அந்த வரியை அழித்தேன். அழித்த கையோடு மேயர் ஞாபகம் வந்துவிட்டது.

நம் ஊர் மேயர் இல்லை. அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்து மேயர். அவரை நான் பார்த்ததில்லை. மூன்று வருடம் கேட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியின் மேல்மாடியில் வேலை பார்த்தேன். அந்த அமெரிக்க ஊரின் நகராட்சிக் கூட்டங்கள் ஒலிப்பதிவாக எங்களுக்கு வரும். கேட்டுக் கேட்டு, பேசியது பேசியபடி ஆங்கிலத்தில் அடித்து அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் மேயர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். இப்படி ஒரு வசதி அதற்குப் பிறகு யாரிடமும் எனக்கு வாய்க்கவில்லை. கீழிருந்து வரும் வெங்காய நெடியிலும் ஒரு சௌகரியம் உண்டு. யார் எதற்கு அழுதாலும் மண்டியின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

கன்னிவாடி பஸ்ஸில் வியர்த்து வந்து இறங்கி, பனி அள்ளும் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்ற சண்டையைக் காதில் மாட்டிக்கொள்வேன். மேயரின் கதையும் துண்டு துண்டாகத் தெரிந்தது. டயர் கடை வைத்திருந்தவர். இரண்டு முறை நின்று தோற்று, மூன்றாம் முறை ஜெயித்தவர். யார் திட்டினாலும் "சரிதான்" என்று தொடங்கித்தான் பதில் சொல்வார். குழாய்த் தண்ணீர்ப் புகாரெல்லாம் அங்கேயும் உண்டு என்று தெரிந்தபோது அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரியே ஆகிவிட்டார்.

ஒரு கூட்டத்தில், குழாயில் கலங்கலாக வருகிறது என்று சொல்ல ஒரு பெண் வந்தாள். அவள் பேசப் பேச, கூட வந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அன்று மேயர் "சரிதான்" சொல்லவில்லை. முதலில் பிள்ளையை அடக்கக் கற்றுக்கொள், பிறகு எனக்கு ஊரை நடத்தச் சொல்லிக்கொடு என்றார்.

எனக்குப் பதறிவிட்டது, அவருக்காக. வயதானவர், ஏதோ கோபம், அது காலத்துக்கும் பதிவில் நிற்க வேண்டுமா? அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காமல் விட்டேன். வீட்டில் அப்பா கத்தியதை அம்மா வெளியில் சொல்லாமல் விழுங்குவாளே, அப்படித்தான். சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது பிள்ளை இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் மறுபடி வந்திருந்தாள். போன கூட்டத்தில் இவரிடம் நான் பேசியதை வாசியுங்கள், மன்னிப்புக் கேட்கப் போகிறேன், எதற்கென்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றார் மேயர். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு வரியே இல்லையே என்றார் நகராட்சி எழுத்தர். அப்படியானால் நான் கனவு கண்டேனா என்று அந்தப் பெண் கேட்டாள். குரல் உடைந்திருந்தது. நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

எங்களை மேய்த்த நூர்ஜஹான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். எட்டுப் பேர் பிழைப்பு அந்த ஒரு ஊரை நம்பி இருந்தது.

"அவரு சொன்னத நீ எதுக்குடி மூடுன? ஒனக்கு மாமனா, மச்சானா?"

"பெரியவரு, அக்கா. கோவத்துல சொல்லிட்டாரு."

"பெரிய மனுசன்னா அத அவரு பாத்துக்குவாரு. செத்த நேரம் அழுகாம மிச்சத்தக் கேளு."

மிதித்தேன். இல்லை, நான் சொன்னேன் என்றார் மேயர். அந்த வரியை ஒரு சொல் குறையாமல் தானே திரும்பச் சொன்னார். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த முறையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதினேன்.

அக்கா தவறை ஒப்புக்கொண்டு திருத்திய பிரதியை அனுப்பினாள். அந்த ஊரிலிருந்து பதில் வரும்வரை, மேஜையில் இருக்கும் டம்ளரையும் சாமி படத்தையும் இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாமா என்று மற்றவர்கள் தினமும் என்னிடம்தான் கேட்டார்கள். திருத்திக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. வேலை தப்பியது.

அடுத்த தேர்தலில் மேயர் தோற்றுப்போனார். கடைசிக் கூட்டத்தில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் என்றார். அதை இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு வெங்காயம் ரொம்பக் காரம்ல" என்று மட்டும் சொன்னாள். சில மாதங்களில் எந்திரமே எழுத ஆரம்பித்துவிட, மாடி காலியானது. மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கண் கலங்கினால் சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

டீச்சருக்குப் போன செய்தியில் இருமலும் வெந்நீரும் மட்டும்தான் இருக்கின்றன. படிக்கிறவருக்கு நான் நல்ல அம்மா. வேன் நாலு மணிக்குத் திரும்பி வரும். அவள் ஷூவைக் கழற்றுவதற்குள் அந்த வரியை நானே அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மறந்திருப்பாளோ, கிளறாமல் விட்டால்தான் என்ன என்றும் தோன்றுகிறது. ஆனால் காலையில் வேன் ஏறும்போது அவள் டாட்டா காட்டவில்லை.