தெருவைப் பார்த்த செருப்புகள்

எங்கள் வீட்டில் செருப்புகளுக்கும் ஒரு கிறிஸ்தவ ஒழுங்கு இருந்தது. வாசற்படியில், வயது வரிசைப்படி, முன்பக்கம் தெருவைப் பார்த்து அவை நிற்க வேண்டும். அப்பாவுடையது முதலில், என்னுடையது கடைசியில். கொஞ்சம் விலகியிருந்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவார். "கர்த்தர் இந்த உலகத்தையே ஆறு நாளில ஒழுங்கு பண்ணினவர். உனக்கு ரெண்டு செருப்ப ஒழுங்கா வைக்க ஏலாதா?" என்பார். இன்று என் வீட்டிலும் செருப்புகள் தெருவைப் பார்த்தே நிற்கின்றன. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நாவற்குடாவில், பிரதான வீதிக்குக் கடற்பக்கமாக எங்கள் வீடு. சனிக்கிழமை மாலைச் செபம் முடிந்ததும் ஒரு பயிற்சி நடக்கும். அம்மா பரமண்டல செபத்தைச் சத்தமாகத் தொடங்குவார். அவர் ஆமென் சொல்வதற்குள் எல்லாரும் செருப்பு மாட்டி, அவரவர் சாமானுடன் வேலி வாசலில், படலையடியில் நிற்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ்களும் ஞானஸ்நானச் சீட்டுகளும் உள்ள பை அண்ணனுக்கு. தண்ணீர்க் கேன் அப்பாவுக்கு. வேதாகமமும் அரிசியும் அம்மாவுக்கு. எனக்கு ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் சிவப்பு வார் வைத்த ஒரு சோடிக் குழந்தைச் செருப்பு மட்டும்தான் இருந்தது. வீட்டில் ஒருவர் காலுக்கும் சேராத அதை ஏன் தூக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். தந்ததைத் தூக்கு என்று பதில் வந்தது.

இதெல்லாம் கர்த்தருடைய வருகைக்கான ஆயத்தம் என்றே நம்பியிருந்தேன். பரலோகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்று அண்ணனிடம் கேட்டதற்கு, அங்கேயும் வாசலில் செக்பொயின்ட் இருக்கும்தானே என்றான். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அப்பாதான் செருப்பு வாரோடு மல்லுக்கட்டியபடி, கர்த்தர்கூட மனிசனை இப்படி அவசரப்படுத்தமாட்டார் என்று முணுமுணுப்பார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிப்பார். எனக்கு மானமே போகும்.

எனக்கு ஒன்பது வயது. பாலன் பிறந்த நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். புதுச் சட்டையை அழுக்காக்காமல் நிற்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. திடீரென்று கடற்பக்கமிருந்து சனம் ஓடி வந்தது. கடல் வருது, கடல் வருது என்று யாரோ கத்தினார்கள். கடல் எப்படி வரும் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அம்மா கத்தவில்லை. பரமண்டல செபத்தைத் தொடங்கினார். எங்கள் கால்கள் தாமாகவே ஓடின. ஆமென் வருவதற்கு முன்பே எல்லாரும் படலையடியில் நின்றோம். வேலியருகே திகைத்து நின்ற மாமியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா ஓடினார்.

வீதியைத் தாண்டி வாவிப் பக்கம் ஓடும்போது தண்ணீர் எங்களைப் பிடித்துவிட்டது. முதலில் முழங்கால் வரை, பிறகு எனக்கு நெஞ்சு வரை. அப்பா என்னைத் தூக்கி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடிக்கச் சொன்னார். என் ஒரு கையில் பை இருந்தது. ஒருவருக்கும் உதவாத செருப்புக்காகச் சாவதா என்று நானே தீர்மானித்து அதை விட்டேன். பை சுழன்றுகொண்டு போய்விட்டது.

மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஏறியதும் அம்மா வழக்கம்போல ஒவ்வொருவராகச் சரிபார்த்தார். அண்ணனின் பை இருந்தது. அப்பாவின் கேன் இருந்தது. என் முறை வந்தபோது கடலைவிட எனக்கு அம்மாதான் பயமாக இருந்தார். ஒரு பென்சில் அழிறப்பர் தொலைந்தாலே மூன்று நாள் தேடவைக்கிற மனுசி அவர்.

"பைய விட்டுட்டன் அம்மா."

அம்மா என் கைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார்.

"செருப்புப் போட்டிருக்கியா மகள்?"

"ஓம்."

"அது காணும். அது போதும்."

அவ்வளவுதான். அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. அடேயப்பா, வந்த கடல் அம்மாவின் ஒழுங்கையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

போர் முடிந்துவிட்டதாக வானொலி சொன்ன அன்று எனக்குப் பதின்மூன்று வயது. வீதியில் எங்கோ வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. அம்மா வாசலில் குந்தியிருந்து செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இனியாவது அதுகள் வீட்டைப் பார்த்து நிற்கட்டுமே என்று பகிடி பண்ணினேன். அப்போதுதான் சொன்னார். எனக்கு மூத்தவளாக ஓர் அக்கா இருந்திருக்கிறாள். நான் பிறப்பதற்கு முன்பு, ஷெல்லடி தொடங்கிய ஒரு நாள், வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதற்காக எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காதாம். நாலு வயது அக்கா தன் சிவப்பு வார்ச் செருப்பைக் காணவில்லை என்று தேடி உள்ளே திரும்பியிருக்கிறாள். அவள் வெளியே வரும்போது ஷெல் முற்றத்தில் விழுந்தது.

"கட்டிலுக்குக் கீழதான் கிடந்தது" என்றார் அம்மா.

சனிக்கிழமைதோறும் அக்காவைப் படலை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான். தண்ணீரில் விட்டவளும் நான்தான். கடல் வந்த அன்று அம்மா பையைத் தேடாமல் என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நானோ, ஏச்சு விழவில்லை என்று சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றேன்.