அக்கா மாற்றிப் போட்ட நிக்கல்

ஊரப்பாக்கத்தில் பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாகப் பிறந்து, சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் அக்காவை, இந்த நினைவுநாள் உரையில் "பொறுமையே உருவானவர்" என்று எழுதச் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. அடுப்பில் கொதிக்கும் சாம்பாரை அப்படியே ருசி பார்த்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவர்.

அப்பா காலமானபோது அக்கா தாம்பரத்தில் வேதியியல் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். அறுபதுகளின் கடைசியில் குரோம்பேட்டை அருகே ஒரு சிறிய உலோகத் தொழிற்கூடத்தில் சேர்ந்தார். தம்பி தங்கைகள் மூவரும் அந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தோம். ஓராண்டு முடிந்தால் நிரந்தரம்.

டங்ஸ்டன் தனியாக நின்றால் எளிதில் நொறுங்கும். அதனால் அதன் தூளோடு கொஞ்சம் நிக்கலும் இரும்பும் கலந்து, அச்சில் அழுத்தி, உலையில் சுட்டுக் கனமான கட்டைகளாகச் செய்வார்கள். நிக்கலும் இரும்பும் உருகி, செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி டங்ஸ்டன் மணிகளைப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் ஏழு பங்கு, இரும்பு மூன்று பங்கு. அப்போதுதான் கட்டை வளையும், உடையாது.

ஒரு மழைக்காலத்தில் சுட்ட கட்டைகள் எல்லாம் சோதனையில் முறுக்கு மாதிரி உடைந்தன. உலையில் சூடு போதவில்லை என்று மேனேஜர் முடிவுகட்டினார். உலை பார்த்தவர் ராஜகீழ்ப்பாக்கத்துத் துரைசாமி அண்ணன். சனிக்கிழமையோடு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா உடைந்த துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். மணிகள் உருண்டு திரண்டு அழகாக இருந்தன. சூட்டில் குறையே இல்லை. ஆனால் மணிகளைச் சுற்றி ஓடு மாதிரி ஒரு மெல்லிய படலம். அது இரும்பு மிஞ்சினால் வருவது. விரிசல் அங்கேதான் ஓடியிருந்தது.

அக்காவுக்குச் சுரீர் என்றது. மழையில் நனைந்து நிக்கல், இரும்பு இரண்டு டப்பாக்களின் பெயர்ச்சீட்டுகளும் உரிந்திருந்தன. இரண்டிலும் சாம்பல் நிறத் தூள். ஒரு டப்பாவில் மட்டும் காந்தத்தை வைத்து, ஒட்டியதும் அதுதான் இரும்பு என்று அவசரமாக எடை போட்டவர் சாட்சாத் அக்காவேதான். நிக்கலும் காந்தத்தில் ஒட்டுமே! அப்படித்தான் நிக்கலுக்குப் பதில் இரும்பு ஏழு பங்கு விழுந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேராக மேனேஜரிடம் போய், "சார், தப்பு உலையில இல்ல, என்கிட்ட" என்றார்.

"பி.எஸ்சி. படிச்சுட்டு, நிக்கல் காந்தத்துல ஒட்டும்னு தெரியாதாம்மா?"

"தெரியும் சார். பரீட்சையில எழுதி மார்க்கே வாங்கியிருக்கேன்."

மேனேஜர் சிரித்துவிட்டாராம். ஆனாலும் நிரந்தரம் இன்னும் ஓராண்டு தள்ளிப்போனது. துரைசாமி அண்ணன் உலை வேலையிலேயே தொடர்ந்தார். சரியான அளவில் செய்த கட்டை உடையாமல் வளைந்ததும் அக்கா குழந்தை மாதிரி கைதட்டினாராம்.

எழுபதுகளில் அந்தச் சோதனைக்கூடமே அக்காவின் பொறுப்புக்கு வந்தது. எங்களைப் படிக்கவைத்தார், அஸ்தினாபுரத்தில் வீடு கட்டினார், அத்தானையும் எங்களையும் கடைசிவரை அதட்டிக்கொண்டே அன்பு செய்தார்.

நோயில் படுத்த நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த துரைசாமி அண்ணனுக்கும் எங்கள் நன்றி. அண்ணனிடம் இதை நேரில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா தம்பி, என்கிட்ட போயி நன்றி கின்றின்னு சொல்லிகினு! அன்னிக்கு அக்கா பேசலன்னா நான் இன்னா மூஞ்ச வச்சுகினு வூட்டுக்குப் போயிருப்பேன்? கைக்கொழந்த வேற." அவர் சொல்லித்தான் இந்தக் கதை முழுவதும் எங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டில் மூச்சு விட்டதில்லை.

வேலை நிரந்தரமாகாத அன்று, காரணம் தெரியாமல், மேனேஜரை எதிர்த்துப் பேசியிருப்பார் என்று நினைத்து, "எல்லாம் உன் வாய்க்கொழுப்பு" என்று திட்டியவன் நான். "ஆமாண்டா" என்று சிரித்துவிட்டுப் போனார். வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லியாயிற்று. அக்காவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைத்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.