மூக்கைச் சொறிந்த மாப்பிள்ளை

உத்தமபாளையம் திராட்சைத் தரகர் முஜிபுர் ரஹ்மான் என் பெரியம்மா மகன். சட்டைப் பையில் எப்போதும் பன்னீர்த் திராட்சை நசுங்கிக் கிடக்கும். ஆளின் மூக்கைப் பார்த்தே பொய்யைப் பிடிப்பவர். மூக்கைச் சொறிந்தால் பொய் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். கைப்பேசியில் வந்த வீடியோ சொன்னது.

“தோட்டந்தோட்டமாப் பாத்துட்டேன். புளிப்புப் பழத்தை இனிப்புன்னு புளுகுன அம்புட்டுப் பேரும் மூக்கைச் சொறிஞ்சாக,” என்பார்.

அந்த மூக்கில்தான் அவர் தங்கை பாஜிலாவின் கல்யாணம் மாட்டிக்கொண்டது. பெண் பார்க்க வந்த அனுமந்தன்பட்டித் திராட்சை விவசாயி ஷானவாஸை அவளுக்குப் பிடித்துவிட்டது. “கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?” என்று அண்ணன் கேட்டார். மாப்பிள்ளை “இல்லைங்க” என்று சொல்லி, மூக்கைச் சொறிந்தார்.

“இந்தச் சம்பந்தம் வேணாம்,” என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

பாஜிலா உளவியல் முதுகலை படிக்கிறவள். பர்மிங்காமில் இருக்கும் நான் வீடியோ அழைப்பில் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் நிதானமாகக் கேட்டாள்.

“சொறிஞ்சிட்டும் உண்மை சொன்னவுக எத்தனை பேருண்ணே?”

“அதை எவன் பாத்தான்?”

“அப்பப் பாதி ஆராய்ச்சிதான் ஆயிருக்கு. மீதியை நாளைக்குத் தோட்டத்துல முடிப்போம்.”

மறுநாள் பழம் பறிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். ‘பொய்’ என்று வந்தவர் தின்ற பழத்தைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டும். அண்ணன் மூக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில், பறிப்பாட்களைக் கூட்டிவரும் கொத்துக்காரி சங்கிலியம்மாள் ஆளுக்கொரு தரம் காசைச் சுண்டினாள்: பூ விழுந்தால் பொய், தலை விழுந்தால் மெய்.

அண்ணன் கண்ணுக்கு அத்தனை பேரும் பொய்யர்கள். சரியாகச் சொன்ன கணக்கில் காசு ஜெயித்தது.

“ரூவாயை வேணா தரகுக்கு அனுப்புங்க மொதலாளி, நீங்க பழம் பறிங்க,” என்றாள் சங்கிலியம்மாள்.

“கொடியைப் பாருங்கண்ணே,” என்றாள் பாஜிலா. சாம்பல் நோய்க்குக் காலையில் தூவிய கந்தகம் இலையெல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்தது. “இங்கன எவன் மூக்கைச் சொறியாம நிக்கான்? நேத்து என்னையப் பாக்க வந்தவுகளும் மருந்து தூவிட்டு நேராத்தான் வந்தாக. சட்டைக் கையெல்லாம் மஞ்சள்.”

அண்ணன் தன் மூக்கிலிருந்து விரலை எடுத்தார். “அப்ப அவன் யோக்கியன்ங்கிறியா?”

“அதுவும் தெரியாது. மூக்குச் சாட்சி செல்லாதுங்கிறேன். ஊருக்குள்ள விசாரிங்க. வேண்டியவுககிட்ட மட்டும் கேக்காதீக, ஆகாதவுககிட்டயும் கேளுங்க.”

சாயங்காலம் அனுமந்தன்பட்டியில் விசாரித்துத் திரும்பி, வண்டியை நிறுத்துவதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்: “அவன்கூட வரப்புச் சண்டை போடுறவனே நல்ல பயங்கிறான். அதுவும் மூக்கைச் சொறியாமச் சொன்னான்.”

“அண்ணே…”

“சரி, விடு.”

நிக்காஹ் அன்று நான் நேரில் இருந்தேன். சம்மதமா என்று கேட்டார்கள். பாஜிலா அண்ணனைப் பார்த்தாள். சாவகாசமாக மூக்கைச் சொறிந்துவிட்டு, “சம்மதம்,” என்றாள்.