பின்கதவில் வைத்த சோறு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை. இது தங்கேஸ்வரிக்கு நடந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்கழியில், கனடாவில், டொரன்டோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில்.

பழைய வயல்களில் புதிதாகக் கட்டிய வீட்டு வரிசையில் அவளுடையது கடைசி வீடு. பின்னால் பனி மூடிய வெளி, அதற்கப்பால் ஓடை. புருசன் அன்புராசா டொரன்டோவில் வேலை முடித்து ரயிலில் வந்துசேர ஏழு மணியாகும். குளிர்கால மாரியில் அங்கே நாலே முக்காலுக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில்தான் பின்கதவில் சத்தம் கேட்டது.

யாரும் தட்டவில்லை. சுரண்டினார்கள்.

அந்தச் சத்தம் தங்கேஸ்வரிக்குப் பழக்கம். மட்டக்களப்புக்கு மேற்கே, காடு வெட்டிக் குடியேறிய எல்லைக் கிராமத்தில் பிறந்தவள் அவள். ஆமிக்கு ஒளித்துத் திரிந்த இயக்கப் பொடியன்கள் பசியோடு வந்தால் இப்படித்தான் சுரண்டுவார்கள். லைட் போடக் கூடாது. பேர் கேட்கக் கூடாது. சோற்றுப் பார்சலை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். பிறகு ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. அவளுடைய அப்பா சோறு கொடுத்ததை யாரோ ஆமிக்குச் சொல்லிவிட்டார்கள். ஆமி கூட்டிப்போன அப்பா திரும்பி வரவில்லை.

பழகின கை சும்மா இருக்குமா? அது தன்பாட்டில் சோற்றைக் கட்டியது. வாசலில் வைத்துவிட்டு இடுக்கால் பார்த்தாள்.

ஒரு வெள்ளைக்காரன். தாடியில் பனிக்கட்டி. காலில் சப்பாத்து இல்லை, சாக்குத்துணி சுற்றியிருந்தான். அந்தக் குளிரில் யாருக்கும் மூச்சு புகையாக வரும். அவனுக்கு வரவில்லை...

காலையில் பார்சல் அங்கேயே கிடந்தது. கட்டு அவிழவில்லை. உள்ளே ஒரு பருக்கை சோறும் இல்லை.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். இமிகிரேசன் அனுப்பிய ஆளோ, இயக்கத்துக்குக் காசு சேர்க்கிறவர்கள் வேவு பார்க்க விட்ட ஆளோ என்று அவள் மனம் குழம்பியது. ஆனாலும் சோறு கட்டுவதை நிறுத்தப் பயமாக இருந்தது.

அன்புராசாவோ யாழ்ப்பாணத்தார், கணக்குப் பார்க்கிற மனிதர். பானையைத் திறந்து பார்த்தார்.

"ஆருக்கடியப்பா சமைக்கிறாய்?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"பொய் சொல்லாதை. ஆரை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"இஞ்சேருங்க, வெளியில சொல்லிராதீங்க. சொன்னா ஆரோ சாவாங்க."

அவர் தலையை ஆட்டினார். விடிந்ததும் பொலிசுக்குப் போன் பண்ணினார். பொலிஸ்காரர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பனியில் ஒரு காலடியும் இல்லை என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்று பின்னேரம் இருட்டியது. சுரண்டல் கேட்கவில்லை.

தங்கேஸ்வரி குசினி அடுப்பிலிருந்து திரும்பினாள்.

பின்கதவு திறந்திருந்தது. அவன் உள்ளே நின்றான். கால் துடைக்கிற விரிப்பில்.

"ஆர் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அவள் வாயே திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

ஆனால் கண்...

கண் கதவோரம் போனது. அங்கே அன்புராசாவின் பழைய வேலைச் சப்பாத்து இருந்தது.

அவனும் அதைப் பார்த்தான்.

அவள் கண் இமைத்தாள். ஆள் இல்லை.

சப்பாத்தும் இல்லை.

ஏழு மணி. வாசலில் இரண்டு பேர் நடக்கிற சத்தம், பிறகு முன்கதவில் திறப்புச் சத்தம். அன்புராசா பனியை உதறிக்கொண்டு வந்தார்.

"கூட வந்தது ஆரு?" என்று தங்கேஸ்வரி கேட்டாள்.

"ஆரும் இல்லையே. ஏன்?"

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். புதுப்பனி. வீதியிலிருந்து வாசல்வரை இரண்டு சோடிக் காலடிகள், பக்கம் பக்கமாக.

ஒன்று அவருடையது.

மற்றதும் அவருடையதுதான்... அந்தப் பழைய சப்பாத்தின் அடி.

திரும்பிப் போன அடையாளம் இல்லை.

அந்தக் கிழமை முடியுமுன்னே டொரன்டோவில் வெக்ஸ்போர்ட்டுக்கு வீடு மாறினார்கள். சாமான் ஏற்றும்போது அயல்வீட்டு அலெக்ஸாண்டர் வந்தார். அந்த வயல்களெல்லாம் ஒரு காலம் அவருடைய குடும்பத்துடையவை. தங்கேஸ்வரி மெல்ல விசாரித்தாள்.

நூற்றறுபது வருசத்துக்கு முன் இங்கே காடு வெட்டிக் குடியேறி வயல் செய்த கமக்காரர்கள், பிரிட்டிஷ் ஆட்சி வேண்டாமென்று துவக்கும் ஈட்டியுமாக டொரன்டோவுக்கு நடந்தார்களாம். தோற்றுச் சிதறினார்களாம். அவர்களில் ஒருவன் இந்த ஓடைக்கரையில் ஒளிந்திருந்தான். இதே இடத்தில் இருந்த வீட்டுக்காரி பின்கதவால் அவனுக்குத் தின்னப் பாண் கொடுத்தாள். அவள் புருசன் போய்ப் படைக்குச் சொல்லிவிட்டான். பிடிபட்டவனைத் தூக்கில் போட்டார்கள்.

"அந்தப் புருசன்?" என்று தங்கேஸ்வரி கேட்டாள்.

"அடுத்த வருசம் பனி உருகும்போது ஓடையில் கிடைத்தான்" என்றார் அலெக்ஸாண்டர். "வெறுங்காலோடு. அவனுடைய சப்பாத்தை மட்டும் எவ்வளவு தேடியும் காணவில்லையாம்."

வெக்ஸ்போர்ட் வீடு ஏழாம் மாடி. பின்கதவு கிடையாது. இருந்தும் பனி கொட்டுகிற நாட்களில் அன்புராசாவைத் தங்கேஸ்வரி தனியாக நடக்க விடுவதில்லை. அவருடைய பழைய சப்பாத்து இன்னும் கிடைக்கவில்லை.