எட்டாம் பாகத்தில் நரைத்தவள்

நோர்வூட் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சுலக்ஷனா, ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி ஹட்டன் வீடியோ கேம் கடைக்கு வந்துவிடுவாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இதென்ன கூத்து என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயமே முணுமுணுத்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து அங்கே ஆடும் சண்டை விளையாட்டில் அவளுக்கு ஒரே வீராங்கனைதான். புதிதாக வந்த எட்டாம் பாகத்தில் அந்த வீராங்கனைக்குத் தலை நரைத்திருந்தது. உதை மட்டும் அதே பழைய உதை. அதைப் பார்த்ததிலிருந்து சுலக்ஷனாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே திருப்பிக் கொடுத்தால் வாய்க்கொழுப்பு என்பார்கள். இங்கே திருப்பிக் கொடுப்பதுதான் ஆட்டமே.

இன்று எதிரே வந்து உட்கார்ந்தவர், மலையில் தினமும் அவளை அதட்டும் கணக்கப்பிள்ளை சிவகரன். புது மல்லன் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, "அந்தக் கெழவிய வச்சு என்னா புள்ள கிழிக்கப் போற?" என்றார்.

கிழவி அந்த மல்லனை மூலைக்குத் தள்ளி, எழவே விடாமல் உதைத்தாள். கடையே கைதட்டியது.

சிவகரனின் முகம் கறுத்தது. "நாளைக்குக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல ஒன்னய பாத்துக்கிறேன்" என்று எழுந்தார்.

"அது நாளைக்குங்க ஐயா," என்றாள் சுலக்ஷனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்கு இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு. ஒக்காருங்க."